எந்தப் பாலத்தடி?

வீட்டை இடம் மாற்றாதீர்கள். கதை சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். குரலை எங்கே தாழ்த்துவது, எந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பது என்பதெல்லாம் தானாக வரும். வராதவர்கள் கொஞ்சக் காலத்தில் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். தொண்டையில் டாக்டர்கள் கத்தி வைத்த பிறகு என்னால் அதிக நேரம் பேச முடிவதில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

வீடு என்று நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்க, இந்தக் கதைகள் என்னிடம் வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. கொழும்பு, பிறகு ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் விட்ட குளிர்நாடுகள், பிறகு லண்டன், ஸ்கொட்லாந்து, கடைசியில் அயர்லாந்தின் மேற்குக் கரை. அங்கே மீன் வெட்டும் கொட்டில் ஒன்றில் வேலை. விரல் மரத்துப்போகும் குளிர். மேசையில் நிற்கிற ஒவ்வொருவரும் முறை வைத்து ஏதாவது சொல்ல வேண்டும் என்பது அந்தக் கொட்டிலின் வழக்கம். கதை தெரியாதவன் பாட வேண்டும், பாடவும் தெரியாதவன் எல்லோருக்கும் தேத்தண்ணீர் போட வேண்டும். நான் பல மாதம் தேத்தண்ணீர் போட்டேன். எனக்குப் பக்கத்தில் நின்று வெட்டியவள் என் வயதுக்காரி. அந்த ஊர்க்காரி. அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் என் ஆங்கிலமும் வந்தது, கதைகளும் வந்தன.

பெரும்பாலும் பயக்கதைகள். மண்மேடுகளுக்குள் குடியிருக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றியவை. அவர்களுடைய பெயரை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘நல்ல சனம்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தச் சனம் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதே முகத்தோடு தங்களில் ஒன்றை விட்டுவிட்டுப் போகும் என்பது ஒரு கதை. இதை அவர்கள் ‘ஒரு ஊரிலே’ என்று தொடங்குவதில்லை. இன்ன தெரு, இன்ன வளைவு, அந்த வீட்டின் சுவர் இன்னும் நிற்கிறது, நான் என் கண்ணால் பார்த்தேன் என்று நடந்த சங்கதியாகத்தான் சொல்வார்கள். என் பக்கத்து மேசைக்காரி ஒருமுறை சொன்னாள்: “கேட்கிறவன் நடந்துபோகிற வழியில் அந்த வீட்டைக் கொண்டுவந்து வை. நடந்து போக முடியாத இடத்துக்கு யார் பயப்படுவான்?”

அதைப் பிடித்துக்கொண்டேன். பாரிசுக்கு வந்து, ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்துகொண்டு, ஞாயிறு பின்னேரங்களில் ரூ பஜோலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மண்டபத்தில் கதை சொல்லத் தொடங்கியபோது, வீட்டையும் கூடவே கொண்டுவந்தேன். கடற்கரை வீடு சென்-டெனி கால்வாய்க் கரைக்கு வந்தது. அந்தக் கதையில் வந்த, வயல் செய்யும் கமக்காரனின் மனைவி, பிழைக்க இங்கே வந்த ஒரு அயர்லாந்து சலவைக்காரி ஆனாள். அலை ஏறும் மணல், பாலத்தடி ஆனது.

கதை இதுதான். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறிப்போகிறது. சொன்ன சொற்களை விடுகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. இது தன் பிள்ளை இல்லை என்று தாய்க்குத் தெரிகிறது. அதைத் தண்ணீர்க் கரைக்குக் கொண்டுபோகிறாள். உடுப்பு தன் பிள்ளைக்கென்று தைத்தது, அதனால் எல்லாவற்றையும் கழற்றி மடித்து வைக்கிறாள். கரையில் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். பின்னால் அழுகை கேட்கிறது. முதலில் அந்நிய அழுகை. பிறகு அது அவளுக்குப் பழக்கமான அழுகையாக மாறுகிறது. அப்போது திரும்புகிறாள். அங்கே கிடப்பது அவள் பெற்ற பிள்ளை.

ஒரு ஞாயிறு அந்தக் கதையை, நானே கண்ணால் பார்த்த சங்கதியாக, நன்றாகச் சொன்னேன். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். முடிந்ததும் வழக்கம்போல ஒரு பெடியன் எழும்பி, “செ பா வ்ரே!” என்றான். அவனுடைய தாய், “பொய்யெண்டு தமிழிலை சொல்லடா” என்று தலையில் தட்டினாள். முன்வரிசை ஐயா ஒருவர், “ஏன் தம்பி, எங்கடை பேயள் காணாதெண்டோ வெள்ளைக்காரன்ரை பேயையும் இறக்குமதி செய்யிறீர்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பின்வரிசையில் பிள்ளை வண்டிலோடு இருந்த ஒரு பெண் சிரிக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் எழுந்து போனாள். அதை நான் பார்த்தேன். கதை நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம், கடை நிரம்பியிருக்கும் நேரம், குசினியின் பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அவள். பெயர் தர்மினி என்பதும், வன்னியிலிருந்து வந்தவள் என்பதும், பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் நாள் முழுக்கப் பிள்ளையோடு தனியே இருப்பவள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது பார்த்தது ஒரு வெளிறிய முகம், தலை சீவாத பெண், வண்டிலில் பேசாமல் இருந்த ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இருக்கும்.

“அண்ணை, ஒண்டு கேக்க வந்தனான்.”

“சொல்லுங்கோ தங்கச்சி.”

“எந்தப் பாலத்தடி?”

எனக்கு விளங்கவில்லை. கையில் வெங்காயக் கூடையோடு நின்றேன்.

“நேற்றுச் சொன்னனீங்கள். கால்வாயிலை நிறையப் பாலம் கிடக்குது. காலமை போய்ப் பார்த்தனான். எது எண்டு தெரியேல்லை.”

அவளுடைய குரலில் கலக்கம் ஒன்றும் இல்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதுபோலக் கேட்டாள். நான் பிள்ளையைப் பார்த்தேன். தை மாதக் குளிர். பிள்ளை மெல்லிய சட்டை ஒன்றோடு இருந்தது. காலில் சப்பாத்து இல்லை, உள்ளே போடும் மேசும் இல்லை. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. குளிர் அங்கி, தொப்பி, சப்பாத்து எல்லாம் மடித்து வண்டிலின் கீழ்த்தட்டில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

நான் சொன்ன கதையில் தாய் உடுப்பைக் கழற்றி மடித்து வைப்பாள். மடிப்பது மீன் கொட்டிலில் கேட்டதில் இல்லை. அழகுக்காக நான் சேர்த்தது.

இந்த வேலையில் பயம் என்பதை நாம் மற்றவர்களுக்குக் கொடுக்கிற ஒன்றாகவே நினைத்துப் பழகிவிடுகிறோம். ஷெல் விழுந்த இடங்களில் படுத்திருக்கிறேன், எல்லையில் லொறிக்குள் மூச்சடக்கி இருந்திருக்கிறேன். அன்று அந்தக் கதவடியில் வந்த பயம் வேறு.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உண்மையைச் சொன்னேன்.

“தங்கச்சி, உது கதை. நடக்கேல்லை. அப்பிடி ஒரு பாலமும் இல்லை, சலவைக்காரியும் இல்லை. இது உங்கடை பிள்ளைதான்.”

அவள் முகம் மூடிக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கதவு சாத்தியதுபோல.

“நேற்று நடந்ததெண்டு சொன்னனீங்கள். கண்ணாலை பார்த்ததெண்டு சொன்னனீங்கள். இப்ப ஏன் மறைக்கிறியள்? அந்தச் சனம் உங்களுக்கும் வாய் திறக்கவேண்டாமெண்டு சொல்லிப்போட்டினமோ?”

சொல்லிவிட்டு வண்டிலைத் திருப்பினாள். “பரவாயில்லை அண்ணை. ஒவ்வொரு பாலமாப் பார்க்கிறன்.”

பின்னால் முதலாளி கத்தினான்: “அண்ணை, மூண்டு கொத்துரொட்டி ஓடர் நிக்குது, அங்கை என்ன அரட்டை?”

பொலிசுக்குப் போன் அடிக்கலாம். வரும்வரை அவள் நிற்பாளா? பிடித்து நிறுத்தலாம். நடுத்தெருவில் ஒரு ஆண் ஒரு பெண்ணின் பிள்ளை வண்டிலைப் பிடித்து இழுத்தால், வருகிறவன் யாரைத் தள்ளுவான்? அவள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். அவள் நிற்பது கதைக்குள். வெளியே நின்று நான் கத்துவது அங்கே கேட்காது. நானும் உள்ளே போக வேண்டும். யோசித்துத்தான் இதைச் செய்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் அது பொய். வாய் முந்திக்கொண்டது.

“தங்கச்சி, நில்லுங்கோ. ஒரு துண்டு சொல்லாமல் விட்டிட்டன்.”

நின்றாள்.

“நேரம் போனதாலை நேற்று விட்டிட்டன். அந்தச் சனத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. இஞ்சை விட்ட பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்யிறமோ, அங்கை கொண்டுபோன பிள்ளைக்கு அவை அதைத்தான் செய்வினம். இதுக்குக் குளிர்ந்தால் அங்கை அதுக்கும் குளிரும். இதை அடிச்சால் அதுக்கு விழும்.”

இது முழுக்க என் கற்பனை இல்லை. அந்தக் கொட்டிலில் கேட்ட வேறொரு கதையில், பிள்ளையைத் திருப்பித் தர வந்த மண்மேட்டுச் சனத்துப் பெண் ஒருத்தி, ‘நீ என் பிள்ளையைப் பார்த்ததைவிட நான் உன்னுடையதை நன்றாகப் பார்த்தேன்’ என்று ஏசிவிட்டுப் போவாள். அதிலிருந்து கிழித்து இதில் ஒட்டினேன்.

தர்மினி என்னைப் பார்த்தபடியே குனிந்தாள். கீழ்த்தட்டிலிருந்து அங்கியை எடுத்துப் பிள்ளைக்குப் போட்டாள். கழுத்துவரை பூட்டினாள். சப்பாத்தையும் போட்டு நாடாவைக் கட்டினாள்.

“சாப்பாடும் அப்பிடியோ?”

“ஓம். சாப்பாடும்.”

“நேற்றுப் பின்னேரத்திலையிருந்து நான் ஒண்டும் குடுக்கேல்லை அண்ணை.” அப்போதுதான் அழுதாள். “அங்கை அவள் பசியோடை இருப்பாள்.”

உள்ளே ஓடிப்போய்ச் சோறும் பருப்பும் பிசைந்து கொண்டுவந்தேன். பிள்ளை யாரையும் பார்க்காமல், சுவரில் ஓடிய தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டது. ஆரபி என்று பெயர். கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஒரு பிள்ளை. பசித்த, குளிர்ந்த, சாதாரணப் பிள்ளை.

தகப்பனின் தொலைபேசி இலக்கத்தை அவளிடம் வாங்கினேன். “அவருக்குத் தெரிய வேண்டாம்” என்றாள். “இஞ்சை தகப்பன் பார்த்தால்தான் அங்கையும் அவளைப் பார்ப்பினம், அவரும் சட்டத்துக்குள்ளைதான்” என்றேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல் சொன்னேன். அவள் தந்தாள். ஏப்ரனைக் கழற்றும்போது முதலாளி வாசலில் நின்றான்.

“இப்ப போறதெண்டால் பிறகு வரவேண்டாம் அண்ணை.”

“சரி” என்றேன். அந்த வேலை அதோடு போனது. அப்படிப் போன வேலைகள் பல, இதைத் தனியே எண்ணத் தேவையில்லை.

கார் து நோர் ரயில் நிலைய வாசலில் காத்திருந்தோம். தகப்பன் சுதன் ஏதோ ஒரு பிரஸ்ஸரி உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், ஈரக் கைகளோடே ஓடிவந்தான். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்தான்.

“நீர்தானே அந்தக் கதைகாரன்? பேய்க்கதை சொல்லி என்ரை மனுசியைக் குழப்பிப்போட்டு இப்ப உதவி செய்ய வந்திட்டீரோ?”

“ஓம், நான்தான். அடிக்கிறதெண்டால் பிறகு அடியும். இப்ப ஆசுபத்திரிக்குப் போவம்.”

அவனுக்கும் தெரியாமல் இல்லை. பிள்ளை பேச்சை நிறுத்தியதிலிருந்து மனைவி நித்திரை கொள்வதில்லை என்றும், சுவரோடு கதைக்கிறாள் என்றும் வழியில் சொன்னான். “சரியாகும் எண்டு இருந்திட்டன்” என்றான்.

ஆசுபத்திரி வாசலில் தர்மினி உள்ளே வர மறுத்தாள். தான் இங்கே படுத்துவிட்டால் அங்கே பிள்ளையை யார் பார்ப்பது என்றாள். சுதன் கெஞ்சினான். அவள் என்னைத்தான் பார்த்தாள். தீர்ப்புச் சொல்ல என்னை அங்கே வைத்தது என் கதை. விலகிப் போக வழி இல்லை.

“நீங்கள் நித்திரை கொண்டால் அங்கை அவளும் நித்திரை கொள்ளுவாள்” என்றேன்.

உள்ளே போனாள்.

பிறகு ஒரு பெண் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டாள். என் உடைந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ‘சட்டத்தை’யும் சேர்த்து. பாராட்டுவாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போல. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“இன்று பிள்ளை உயிரோடு இருக்கிறது. சரி. ஆனால் வேறொரு பிள்ளை இருக்கிறது என்று நீங்கள் அவளுக்கு உறுதி செய்துவிட்டீர்கள். அதை அவளிடமிருந்து யார் திரும்ப எடுப்பது?”

“நீங்கள்தான்” என்றேன்.

“நாங்கள் முயற்சி செய்வோம். அவள் நம்பியது எங்களை இல்லை.”

எழுந்து வரும்போது சுதன் நடைவழியில் பிள்ளையை மடியில் வைத்திருந்தான். வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னான். போகவில்லை.

அதற்குப் பிறகும் நான் கதை சொன்னேன். அதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் நல்ல முடிவாக இருக்கும், ஆனால் விடவில்லை. வீட்டை மட்டும் அதன் கரையிலேயே விட்டேன். கடல் தாண்டி, காற்றும் கல்லும் உள்ள ஒரு ஊரில். கேட்கிறவர்களின் பயம் குறைந்தது, கைதட்டலும் குறைந்தது. என்னுடைய பயம் குறையவில்லை. ஸ்தேனில் ஒரு வீட்டுக்குள் என் வாக்கியம் ஒன்று நடமாடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவள் ஆத்திரத்தில், அங்கே இருக்கிறவளைத் தூக்கி வைத்திருக்கிறவர்களைப் பழிவாங்க இங்கே இருக்கிறவளுக்கு ஏதாவது செய்தால்? சட்டத்துக்கு இரண்டு முனை உண்டு. அதை நான் சொன்னபோது யோசிக்கவில்லை. ஸ்தேன் என்ற பெயரைச் செய்தியில் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்பேன்.

சில வருடம் கழித்து, பாரிஸ் கோயில் தேர்த் திருவிழா அன்று, தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கும் மேளத்துக்கும் நடுவில் என் தோளை யாரோ தொட்டார்கள். தர்மினி. சதை போட்டிருந்தாள், சேலை உடுத்திருந்தாள். பக்கத்தில் ஆரபி, உயரமாக, காதில் சத்தம் மறைக்கும் பெரிய நீலக் காதுமூடியோடு. தெருவில் சிதறிய தேங்காய்ச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி நின்ற சுதன் என்னைக் கண்டு தலையை மட்டும் அசைத்தான்.

“எப்பிடித் தங்கச்சி?”

“சுகமா இருக்கிறன் அண்ணை. டாக்டர் தந்த குளிசை எடுக்கிறன். இவளுக்கு ஓட்டிசமாம், தனிப் பள்ளிக்கூடம். படம் காட்டித் தனக்கு வேண்டியதைக் கேப்பாள். இப்ப கொஞ்சம் கதைக்கிறாள், பிரெஞ்சிலை.” சிரித்தாள். “தமிழ் வேண்டாமாம் மகாராணிக்கு.”

எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“எல்லாம் எனக்கிருந்த மனநோயாலை வந்ததெண்டு டாக்டர் சொன்னவா. எனக்கும் விளங்குது. எண்டாலும் ஒண்டு கேக்கவேணும். போன கிழமை இவள் கொதிக்கிற சட்டியைப் பிடிக்கப் போனவள். கையிலை ஒரு அடி போட்டிட்டன். அங்கை இருக்கிறவளுக்கும் நொந்திருக்குமோ அண்ணை?”

இவ்வளவு காலம் அவள் இரண்டு பிள்ளை வளர்த்திருக்கிறாள். ஒன்றுக்கு ஊட்டும்போதெல்லாம் மற்றதற்கும்.

‘இல்லை, சின்ன அடிகள் அங்கே போகாது’ என்று சொல்லியிருக்கலாம். நாவின் நுனியில் இருந்தது. நன்றாகத்தானே போகிறது, ஏன் கலைக்க வேண்டும்? உண்மையைச் சொல்லி, அந்த முகம் மறுபடியும் மூடிக்கொண்டால்? நான் அவளுடைய கையைப் பார்த்தேன். அது ஆரபியின் தோளில் இருந்தது. பாரமில்லாமல், பழக்கத்தில் வைத்த கை. அதைப் பார்த்துத்தான் துணிந்தேன்.

“அங்கை ஒருத்தியும் இல்லைத் தங்கச்சி. இவள் ஒருத்திதான். அண்டைக்கு நான் சொன்னது பொய்.”

தேர் நகர்ந்தது. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் அசையவில்லை.

“அப்ப இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?”

“சொன்னனான். முதல் அதைத்தான் சொன்னனான். நீங்கள் வண்டிலைத் திருப்பினீங்கள்.”



“ஓம்” என்றாள். “திருப்பினனான்.”

பிறகு, என்னிடம் இல்லை, தனக்குத்தான் சொன்னாள்: “அப்ப அடி இவளுக்கு மட்டும்தான் விழுந்தது.”

குனிந்து ஆரபியின் கையைத் தூக்கினாள். கையில் தேங்காய்த் தண்ணீர் பிசுபிசுத்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அடி விழுந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். ஒரு கிழமைக்கு முந்திய அடி, அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆரபி கையை இழுக்கவில்லை.